விதி 14: யானையிலிருந்து "மூன்று அங்குலத்துக்குள் இருக்கும்" பிரிவு எது?

தண்ணீர்மலையான் (பினாங்கு)

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் நடந்த கடாரப் போர் ஆட்டத்தில் எழுந்த ஓர் ஐயத்தை முன்வைக்கிறேன். நம் குழு எழுதிய விதிநூலையும் அதற்குரிய 28 மில்லிமீட்டர் அளவுப் பொம்மை உருவங்களையும் மேசையில் வைத்தே ஆடினோம். விதி 14 இவ்வாறு சொல்கிறது:

"யானை நகர்ந்து முடித்ததும், அதிலிருந்து மூன்று அங்குலத்துக்குள் இருக்கும் பிரிவுகள் பகடை உருட்ட வேண்டும். நான்குக்குக் குறைந்தால் அப்பிரிவு ஆறு அங்குலம் பின்வாங்கும். பின்வாங்கும் பிரிவு வேறொரு பிரிவைத் தொட்டால், அதுவும் பகடை உருட்ட வேண்டும்."

நான் சோழர் தரப்பு. என் வேற்படைப் பிரிவு, எட்டு உருவங்களும் குறையாமல், நகர வாசலை நோக்கிச் சாய்வாக நின்றது. எதிர்த்தரப்பில் ஆடிய தம்பி கடாரத்து யானையை வாசலுக்கு வெளியே கொண்டுவந்து நிறுத்தினார். அளந்து பார்த்தோம். ஓர் உருவத்தின் அடித்தட்டு விளிம்பு இரண்டே முக்கால் அங்குலத்தில் இருந்தது. மற்ற ஏழும் மூன்று அங்குலத்துக்கு வெளியே இருந்தன. ஒருவர் உள்ளே இருந்தாலே பிரிவு உள்ளே இருப்பதாகத்தான் பொருள் என்று தம்பி சொன்னார். எட்டில் ஏழு பேர் வெளியே நிற்கும்போது பிரிவு உள்ளே இருக்கிறது என்று எப்படிச் சொல்லலாம் என்று நான் கேட்டேன். இருபது நிமிடம் பேசியும் முடிவு கிடைக்காததால், பகடை போட்டுத் தீர்த்துக்கொண்டோம். பகடை என் பக்கம் விழுந்தது. வேற்படை அசையாமல் நின்று, அடுத்த முறையில் (ஆட்டச் சுற்றில்) வாசலைப் பிடித்தது. ஆட்டமும் என் கைக்கு வந்தது.

அன்றிலிருந்து எனக்கு மனம் ஒப்பவில்லை. சரியான வாசிப்பு எது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். என் வாசிப்பு தவறு என்றால், அந்த முறையிலிருந்து ஆட்டத்தை மறுபடி ஆடவும் ஆயத்தமாக இருக்கிறேன். மேசையைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

செந்தூல்வாசி (கோலாலம்பூர்)

வணக்கம் அண்ணா. எனக்கு இதில் ஐயம் தோன்றவில்லை. வார்ஹாமர் 40,000 என்னும் மேசைப் போர் விளையாட்டின் 2023இல் வெளிவந்த பத்தாம் பதிப்பு இந்த இடத்தைத் தெளிவாக வரையறுக்கிறது. ஒரு தொலைவுக்கு "உள்ளே" என்று விதி சொன்னால், உருவத்தின் அடித்தட்டில் எந்தப் பகுதியாவது அத்தொலைவுக்குள் இருந்தால் போதும். பிரிவைப் பற்றிய விதியானால், அதில் ஒரே ஓர் உருவம் உள்ளே இருந்தாலும் பிரிவு உள்ளே இருப்பதாகக் கொள்ள வேண்டும். "முழுவதும் உள்ளே" என்று விதி சொன்னால் மட்டுமே ஒவ்வோர் உருவத்தின் ஒவ்வொரு பகுதியும் உள்ளே இருக்க வேண்டும். இங்கே கோலாலம்பூரில் நாங்கள் எந்த ஆட்டத்தை ஆடினாலும் இந்த வழக்கத்தையே பின்பற்றுகிறோம். அதன்படி உங்கள் வேற்படை பகடை உருட்டியிருக்க வேண்டும்.

பிறை_ஆற்றங்கரை (பிறை)

செந்தூல் தம்பி சொல்வது அந்த ஆட்டத்தைப் பொறுத்தவரை முற்றிலும் சரி. ஆனால் அந்த வரையறை அந்த நூலுக்குள் எழுதப்பட்டிருப்பதால்தான் அங்கே செல்லுபடியாகிறது. நம் விதிநூலில் அத்தகைய வரையறை இல்லை. இன்னொரு நூலின் சொற்பொருளை இரவல் வாங்கி நம் நூலுக்குள் வைப்பதானால், எந்த நூலிலிருந்து வாங்குவது என்ற கேள்வி உடனே வந்துவிடும்.

எனவே நம் நூலையே முதலில் பார்ப்போம். அம்பெய்தல் பற்றிய விதி 6, "எதிரிப் பிரிவின் வீரருள் ஒருவராவது எல்லைக்குள் இருந்தால்" என்கிறது. தளபதியின் ஊக்கம் பற்றிய விதி 9, "பிரிவு முழுவதும் ஆறு அங்குலத்துக்குள் இருந்தால்" என்கிறது. ஒருவர் போதும் என்று நினைத்த இடத்தில் ஆசிரியர் "ஒருவராவது" என்று எழுதியிருக்கிறார். அனைவரும் வேண்டும் என்று நினைத்த இடத்தில் "முழுவதும்" என்று எழுதியிருக்கிறார். விதி 14இல் இரண்டுமே இல்லை. "ஒருவராவது" என்று சொல்லாததால் ஒருவர் போதாது என்று தண்ணீர்மலையார் வாதிடலாம். "முழுவதும்" என்று சொல்லாததால் அனைவரும் வேண்டியதில்லை என்று எதிர்த்தரப்புத் தம்பி வாதிடலாம். இரண்டு வாதங்களுக்கும் வலிமை ஒன்றுதான். நூலின் மௌனத்தை மட்டும் சான்றாக வைத்து இதைத் தீர்க்க முடியாது என்பது என் கருத்து.

சுருக்கமாக எழுதுவதால் வரும் இடர் இது. 1990இல் வெளிவந்த டி.பி.ஏ. என்னும் பண்டைப் போர் ஆட்டத்தை நான் நெடுநாள் ஆடியவன். ஒரு தரப்புக்குப் பன்னிரண்டே கூறுகள் (படைத்துண்டுகள்) தான்; விதிகளும் சில பக்கங்களில் அடங்கிவிடும். ஆனால் அந்தச் சில பக்கங்களில் ஒவ்வொரு சொல்லும் இரண்டு மூன்று பொருளைச் சுமந்து நின்றதால், வாஷிங்டன் வட்டாரத்து ஆட்டக்காரர்கள் அதற்குத் தனியே ஒரு விளக்கக் கையேட்டையே எழுதினார்கள். மூலத்தைவிட உரை பெருத்துப்போன கதை நமக்குப் புதிதன்று.

பத்துமலை272 (கோம்பாக்)

தமிழ்ப்பள்ளி ஆசிரியை என்ற முறையில் இந்த வாக்கியத்தை இலக்கண வழியில் அணுக விரும்புகிறேன்.

"உள்" என்னும் சொல் இரண்டு வகையாக வழங்குகிறது. "பெட்டிக்குள் இருக்கும் சேலை" என்றால் சேலை முழுவதும் பெட்டியினுள் அடங்கியிருக்கிறது என்பது பொருள். முந்தானை வெளியே தொங்கினால் அதைத் தனியே சொல்லுவோம். ஆனால் "இங்கிருந்து ஒரு மைலுக்குள் இருக்கும் தோட்டம்" என்று சொல்லும்போது, தோட்டத்தின் கடைசி மரமும் அந்த ஒரு மைலுக்குள் அடங்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. முன்னதில் "உள்" ஓர் இடத்தை அடைக்கிறது. பின்னதில் அது ஒரு தொலைவுக்கு வரம்பு கட்டுகிறது. இரண்டு பொருள்களுக்கு இடையிலான தொலைவு என்றால், வேறு விளக்கம் இல்லாதபோது, அவற்றின் மிக அருகிலான இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ளதைத்தான் மக்கள் அளப்பார்கள். விதி 14 "அதிலிருந்து மூன்று அங்குலத்துக்குள்" என்கிறது. "அதிலிருந்து" என்ற சொல்லே இது தொலைவைப் பற்றிய பேச்சு என்று காட்டிவிடுகிறது. ஆகவே, யானைக்கு மிக அருகே நிற்கும் வீரரை அளந்தால் போதும் என்பதே இயல்பான வாசிப்பு.

அதே சமயம் விதியை எழுதியவரும் குறையிலிருந்து தப்பவில்லை. நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் முதலாவது குன்றக் கூறல். மயங்க வைத்தலும் அவற்றுள் ஒன்று. பிறையார் காட்டிய விதிகள் 6, 9 ஆகியவற்றின் சொல்லாட்சி விதி 14இலும் தொடர்ந்திருந்தால் இந்த விவாதமே எழுந்திருக்காது. தான் இட்ட குறியீட்டைத் தானே எல்லா இடங்களிலும் எடுத்தாளுவதை, "தன் குறி வழக்கம் மிக எடுத்துரைத்தல்" என்று அதே நன்னூல் ஓர் உத்தியாகவே வைத்திருக்கிறது. விதிநூல் எழுதுபவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள அறிவுரை எனக்குத் தெரியவில்லை.

கடலோடி (சுங்கை பட்டாணி)

அந்த விதியை எழுதியவன் நான்தான். ஆசிரியை சொன்ன குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்.

என் மனத்தில் இருந்ததைச் சொல்லிவிடுகிறேன். பிரிவில் பாதிப் பேராவது யானைக்கு அருகில் இருந்தால்தான் அச்சம் பரவும் என்று நினைத்தே அந்த விதியை எழுதினேன். ஒருவர் மட்டும் யானையைப் பார்த்து மிரள்வதால் எட்டுப் பேரும் ஓடிவிட மாட்டார்கள். அதை எழுத்தில் வைக்கத் தவறிவிட்டேன். இனி "பாதிக்குக் குறையாதோர்" என்று சேர்த்துக்கொள்ளலாம்.

யானை ஏன் கடாரத்துத் தரப்பில் இருக்கிறது என்று முன்பு சிலர் கேட்டதால் அதையும் இங்கே பதிவு செய்கிறேன். 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பைப் பாடும் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி, கடாரத்தரசனைக் "கும்பக் கரியொடும் அகப்படுத்து" என்கிறது. அகப்பட்ட யானைகள் கடாரத்தரசனுடையவை. அதே மெய்க்கீர்த்தியில் "போர்த்தொழில் வாசலில் விச்சாதிரத் தோரணமும்" என்று வருவதைப் படித்துத்தான் வாசலை ஆட்டத்தின் நடுவில் வைத்தேன்.

பிறை_ஆற்றங்கரை

ஐயா, உங்கள் உழைப்பின்மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நீங்கள் மனத்தில் வைத்திருந்தது, மேசையில் இருந்த இருவருக்கும் எட்டாத ஒன்று. அவர்கள் கையில் இருந்தது தாள் மட்டுமே. அடுத்த பதிப்பில் என்ன எழுதுவது என்பதற்கு உங்கள் நோக்கம் வழிகாட்டலாம். சென்ற ஞாயிற்றுக்கிழமை எது சரி என்பதற்கு அது சான்றாகாது. "பாதி" என்ற வாசிப்பை இருபது நிமிட வாதத்தில் இருவருமே முன்வைக்கவில்லை என்பதை நினைத்துப் பாருங்கள்.

கடலோடி

உங்கள் கருத்தை ஏற்கிறேன். ஆனால் எல்லாவற்றையும் எழுத்தில் பிடிக்க முனைவதும் ஆட்டத்தைக் கெடுக்கும் என்ற அச்சம் எனக்கு உண்டு. பிரஷ்யப் படையில் இதே வழக்கு நடந்திருக்கிறது. 1824இல் ரைஸ்விட்ஸ் வெளியிட்ட போர்விளையாட்டில் விதிகளும் அட்டவணைகளும் நிறைந்திருந்தன. ஆடுவதற்கு அது மெதுவாகவும் சுமையாகவும் இருக்கிறது என்ற முறையீடு வளர்ந்தது. 1876இல் வெர்டி டு வெர்னுவா என்னும் தளபதி விதிகளைப் பெருமளவு ஒதுக்கிவிட்டு, அனுபவம் மிக்க நடுவர் ஒருவரின் தீர்ப்பிலேயே ஆட்டத்தை நடத்தலாம் என்று எழுதினார். நாமும் நடுவர் ஒருவரை வைத்துக்கொண்டால் என்ன?

தண்ணீர்மலையான்

ஐயா, அந்தப் படை அதிகாரிகளுக்கு அனுபவம் மிக்க நடுவர் கிடைத்தார். என் வீட்டுக் கூடத்தில் இரண்டு பேர்தான் இருக்கிறோம். மூன்றாமவராக என் தாயார் தேநீர் கொண்டுவருகிறார். இருவரும் நேர்மையாக நடக்க விரும்பும்போது, அவர்களுக்கு நடுவில் நின்று பேசக்கூடியது தாளில் இருக்கும் எழுத்து ஒன்றுதான். அதனால்தான் அந்த எழுத்து திருத்தமாக இருக்க வேண்டும் என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

செந்தூல்வாசி

வாதத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு வாசிப்பும் மேசையில் என்ன செய்கிறது என்று நேற்று இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பயனாக இருக்கும் என்று நம்புகிறேன்.

நம் வீரர்களின் அடித்தட்டு 25 மில்லிமீட்டர் வட்டம். யானையுடையது 60 மில்லிமீட்டர் வட்டம். மூன்று அங்குலம் என்பது 76 மில்லிமீட்டர். எட்டு வீரர்களை நாலு நாலாக இரண்டு வரிசையில் ஒட்டி நிறுத்தி, யானை அவர்களுக்கு நேர் எதிரே நிற்பதாகக் கொள்வோம்.

பிரிவு முழுவதும் உள்ளே இருக்க வேண்டும் என்று வாசித்தால், பின்வரிசையின் ஓரத்து வீரரும் எல்லைக்குள் அடங்க வேண்டும். அதற்கு யானை முன்வரிசைக்கு ஏறத்தாழ 18 மில்லிமீட்டர் தொலைவுக்குள் வந்து நிற்க வேண்டும். முக்கால் அங்குலம்கூட இல்லை. அந்த நெருக்கத்துக்கு வந்துவிட்ட யானை மோதத்தான் போகிறது. நின்று மிரட்டப் போவதில்லை. அதாவது, அந்த வாசிப்பில் விதி 14 ஏட்டில் மட்டும் இருக்கும். ஒரு விதிக்கு வேலையே இல்லாமல் செய்துவிடும் வாசிப்பை, வேறு வழி இருக்கும்போது ஏற்கக் கூடாது.

ஒருவர் போதும் என்று வாசித்தால் எல்லை முழு 76 மில்லிமீட்டர். யானையின் அடித்தட்டையும் சேர்த்தால், குறுக்கே 212 மில்லிமீட்டர் அகலத்துக்கு அச்சம் பரவும். நம் வாசலின் அகலம் ஆறு அங்குலம்தான், 152 மில்லிமீட்டர். யானை வாசல் நடுவில் நின்றால் எந்தப் பிரிவும் பகடை உருட்டாமல் உள்ளே நுழைய முடியாது.

கடலோடி ஐயாவின் "பாதி" கணக்கில் எனக்கு வியப்பு காத்திருந்தது. நேருக்கு நேர் நிற்கும்போது, யானை ஏறத்தாழ 70 மில்லிமீட்டர் தொலைவுக்கு வந்ததுமே முன்வரிசை நால்வரும் எல்லைக்குள் வந்துவிடுகிறார்கள். ஒருவர் போதும் என்ற வாசிப்புக்கும் இதற்கும் வேறுபாடு ஆறே மில்லிமீட்டர். பிரிவு சாய்வாகவோ நீண்ட ஒற்றை வரிசையாகவோ நிற்கும்போதுதான் இரண்டும் பெரிதாக விலகுகின்றன. அண்ணாவின் வேற்படை சாய்வாக நின்றதால்தான் இந்தச் சிக்கலே எழுந்தது.

தண்ணீர்மலையான்

தம்பி, இந்தக் கணக்குக்கு மிக்க நன்றி. நான் "முழுவதும்" என்று சொல்லவில்லை, பெரும்பாலோர் என்றே சொன்னேன். ஆனால் அதற்கும் தாளில் ஆதாரம் இல்லை என்பதை இப்போது காண்கிறேன். ஆசிரியை காட்டிய தொலைவுப் பொருளே சரி. என் வேற்படை பகடை உருட்டியிருக்க வேண்டும். எதிர்த்தரப்பில் ஆடிய தம்பி இதைப் படிப்பார் என்று நினைக்கிறேன். அவர் விரும்பினால் வரும் ஞாயிற்றுக்கிழமை அந்த முறையிலிருந்து தொடங்கலாம்.

ஆயிர்_ஈத்தாம்_மாணவன் (பினாங்கு)

படித்துக்கொண்டுதான் இருக்கிறேன் அண்ணா. அன்று கடாரத்துத் தரப்பில் ஆடியவன் நான்.

மறுபடி ஆட வேண்டாம். பகடை எப்படி விழுந்தாலும் ஏற்போம் என்று இருவரும் சொல்லிவிட்டுத்தான் உருட்டினோம். அது எனக்குச் சாதகமாக விழுந்திருந்தால் நீங்கள் மறுத்திருக்க மாட்டீர்கள். வாசலை நீங்கள் பிடித்தது பிடித்ததாகவே இருக்கட்டும். விதியை மட்டும் திருத்திக்கொள்வோம்.

திருத்தும்போது "பாதி" வேண்டாம் என்பது என் வேண்டுகோள். வீரர்கள் விழுந்து ஏழு பேர் மிஞ்சினால் பாதி என்பது மூன்றா, நான்கா என்று அடுத்த விவாத இழை தொடங்க வேண்டியிருக்கும். ஒவ்வோர் உருவத்தையும் தனித்தனியே அளந்தால் அளவு நாடா பட்டு உருவங்கள் நகர்ந்துவிடுகின்றன. மிக அருகில் நிற்பவரை மட்டும் ஒரு முறை அளப்பது எளிது.

கடலோடி

தம்பி சொல்வது நியாயம். "பாதி"யை விட்டுவிடுகிறேன். ஆறு மில்லிமீட்டருக்காக எல்லோரையும் எண்ண வைப்பது தேவையில்லை.

பத்துமலை272

விதியைத் திருத்தப்போவதால் கடைசி வாக்கியத்தையும் கவனிக்க வேண்டுகிறேன். "அதுவும் பகடை உருட்ட வேண்டும்" என்பதில் இரண்டு இடர்கள் இருக்கின்றன.

முதலாவது, "அது" எது? பின்வாங்கும் பிரிவு, தொடப்பட்ட பிரிவு ஆகிய இரண்டும் அதே வாக்கியத்தில் நிற்கின்றன. தொடப்பட்ட பிரிவு என்றே எல்லோரும் கொள்வோம். ஆனால் முதற் பிரிவு மறுபடியும் உருட்ட வேண்டும் என்று ஒருவர் வாதிட்டால் வாக்கியம் அவரைத் தடுக்காது.

இரண்டாவது, "உம்". நன்னூல் உம்மைக்கு எட்டுப் பொருள் சொல்கிறது. இங்கே இருப்பது எச்ச உம்மை. முன்னதைப் போல இதுவும் என்பது பொருள். எது முன்னதைப் போல? பகடை உருட்டுவது மட்டும் என்றால், தொடப்பட்ட பிரிவு உருட்டித் தோற்றாலும் அதற்கு எதுவும் நேராது. உருட்டலின் விளைவும் சேர்ந்ததுதான் என்றால், அதுவும் ஆறு அங்குலம் பின்வாங்கி, அடுத்ததைத் தொட்டு, அச்சம் கடற்கரை வரை தொடர்ந்து செல்லும். விளைவில்லாத உருட்டலுக்கு விதியில் இடம் தருவது நின்று பயனின்மை என்னும் குற்றமாகும் என்பதால், இரண்டாவதையே நான் ஏற்கிறேன். ஆனால் சங்கிலி எங்கே நிற்கும் என்பதை எழுத்தில் சொல்லியாக வேண்டும்.

பிறை_ஆற்றங்கரை

ஒரே முறையில் ஒரு பிரிவு ஒரு தடவைக்குமேல் இந்தப் பகடையை உருட்டாது என்று சொல்லிவிட்டால் சங்கிலி தானே நின்றுவிடும். பின்வாங்கும் திசையையும் சொல்ல வேண்டும். யானை முதுகுப்புறம் வந்து நின்றால், "பின்" வாங்கும் பிரிவு யானையின் மேலேயே போய் விழும்.

இன்னும் ஒன்று. விதி 6இல் "எதிரிப் பிரிவு" என்று இருக்கிறது. விதி 14இல் "பிரிவுகள்" என்று மட்டுமே இருக்கிறது. எழுத்தின்படி யானையின் சொந்தப் படையும் பகடை உருட்ட வேண்டும். இதை ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் கவனித்தீர்களா?

ஆயிர்_ஈத்தாம்_மாணவன்

கவனிக்கவில்லை ஐயா. என் வில்லாளர் பிரிவு யானையின் அருகிலேயே நின்றது. எழுத்தின்படி பார்த்தால் நானும் உருட்டியிருக்க வேண்டும்.

கடலோடி

சொந்தப் படை யானையோடு பழகியது என்று நினைத்ததால் அவர்களை நான் எண்ணவே இல்லை. ஆனால் பொ.மு. 326இல் அலெக்சாந்தரை எதிர்த்த போரஸ் மன்னனின் யானைகள் நெருக்குண்டபோது சொந்த வீரர்களையே மிதித்தன என்பது பதிவான செய்தி. காயம்பட்ட யானை மட்டும் சொந்தப் படையையும் மிரட்டும் என்று வைத்தால் பொருந்துமா என்று ஆடிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இப்போதைக்கு எதிரிப் பிரிவு என்று வரையறுக்கிறேன். திருத்திய விதி 14 இது:

"யானை நகர்ந்து முடித்ததும், எதிரிப் பிரிவின் வீரருள் ஒருவராவது அதிலிருந்து மூன்று அங்குலத் தொலைவுக்குள் இருந்தால், அப்பிரிவு ஒரு பகடை உருட்ட வேண்டும். தொலைவை அடித்தட்டு விளிம்பிலிருந்து விளிம்புக்கு அளக்க வேண்டும். நான்குக்குக் குறைந்தால் அப்பிரிவு யானையிலிருந்து நேர் விலகும் திசையில் ஆறு அங்குலம் பின்வாங்கும். வழியில் தன் தரப்புப் பிரிவு ஒன்றைத் தொட்டால் அங்கேயே நிற்கும். தொடப்பட்ட பிரிவு இதே பகடையை உருட்டி இதே விளைவை ஏற்கும். ஒரு பிரிவு ஒரே முறையில் இப்பகடையை ஒரு தடவைக்குமேல் உருட்டாது."

செந்தூல்வாசி

மிகத் தெளிவாக இருக்கிறது ஐயா. ஓர் ஐயம் மட்டும். வாசலில் நகராமல் நிற்கும் யானைக்கு அருகே என் பிரிவு தானே நடந்து வந்தால்? யானை "நகர்ந்து முடிக்கவே" இல்லையே.

கடலோடி

உண்மைதான். "யானை நகர்ந்து முடித்ததும்" என்பதற்குப் பதிலாக "ஒவ்வொரு முறையின் நகர்வுக் கட்டமும் முடிந்ததும்" என்று மாற்றிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பினாங்கில் இந்தத் தாளை வைத்து ஆடிவிட்டு, எந்த இடத்தில் தடுக்கியது என்று எழுதுங்கள். காயம்பட்ட யானையையும் ஒரு முறை முயன்று பாருங்கள்.

தண்ணீர்மலையான்

காலை பத்து மணிக்குத் தொடங்குகிறோம். இம்முறை கடாரத்துத் தரப்பை நான் எடுத்துக்கொள்கிறேன்.